ஜீப்பு போயிரும், சிஸ்டர்

"சிஸ்டர், சீக்கிரம் பாத்து அனுப்பிருங்க. ஜீப்பு போயிரும்."

கேரளத்தின் உடும்பன்சோலை தாலுகாவில், தமிழ்நாட்டுத் தேனி எல்லையை ஒட்டிய சப்-சென்டரில் நர்ஸாக இருக்கிறேன். ஏலத்தோட்டத்தில் காய் எடுக்க வரும் பெண்கள் இதைச் சொல்லிக்கொண்டேதான் உள்ளே நுழைவார்கள். காலையில் கம்பம்மெட்டு ஏறினால் சாயங்காலம் இறங்கியாக வேண்டும்.

அன்று வந்தவளுக்கு ஏழாம் மாசம், தலைப்பிள்ளை. சரிவில் ஏறி வந்த மூச்சு அடங்கவில்லை. பிரஷர் 148/94. டேப்லெட்டில் இருக்கும் செயலியில் போட்டதும் திரை சிவந்து, மறுபடி பார்க்கச் சொன்னது. எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் வாசலில் இருபது பேர் நிற்கும்போது, 'ஏறி வந்த களைப்பு' என்று மனசு தானே சமாதானம் சொல்லிக்கொள்ளும். செயலி அதை ஏற்கவில்லை, அடுத்த பக்கத்துக்கே விடவில்லை. முதுகு சாய உட்கார வைத்து, பாதங்களைத் தரையில் ஊன்றச் சொல்லி, ஐந்து நிமிடம் பேச்சுக் கொடுக்காமல் விட்டேன். 144/92.

140/90 எட்டிவிட்டாலே கேள்விகள் வரிசையாக வரும். தலைவலி உண்டா, கண் மங்குகிறதா, மேல்வயிறு வலிக்கிறதா?

"நாளெல்லாம் குனிஞ்சே கிடக்கோம், தலை வலிக்காம என்ன செய்யும்?" என்றாள்.

சிறுநீரில் நனைத்த குச்சியின் மஞ்சள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையாகத் திரும்பியது. புரதம் போகிறது. ஜீப்பு அவளை விட்டுவிட்டுத்தான் போனது. நாங்கள் அவளை நெடுங்கண்டம் தாலுகா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

இதனால் செயலி உயிர் காக்கும் என்று சொல்லிவிட மாட்டேன். கர்நாடகத்தில் பெலகாவி, பாகல்கோட் பக்கம் 2014 முதல் 2016 வரை ஆஷா சுகாதாரப் பணியாளர்களின் கையில் இப்படியொரு கருவியைக் கொடுத்துப் பார்த்தார்கள். கிளிப் ஆய்வு என்று பெயர். பாகிஸ்தானிலும் மொசாம்பிக்கிலும் நடந்தது. 2020-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. ஒட்டுமொத்தமாகத் தாய், சேய் பாதிப்பு குறையவில்லை. ஆனால் எட்டு முறையோ அதற்கு மேலோ சந்திக்கப்பட்ட பெண்களிடம் பாதிப்பு குறைவாக இருந்தது. எனக்கு இது ஆச்சரியமில்லை. ஒரே ஒரு தடவை வந்துபோகிறவளுக்கு எந்தத் திரை என்ன செய்துவிடும்?

ஊரறியாத செயலியும் ஆகாது. அட்டப்பாடியில் வேலை பார்க்கும் தோழி ஒருத்தி எப்போதும் சொல்வாள். அங்கே ஆதிவாசிப் பெண்களிடம் அரிவாள் செல் நோய் உண்டு. ஹீமோகுளோபின் 9 என்றதும் 'இரும்புச்சத்து மாத்திரையைக் கூட்டு' என்று மட்டும் சொல்லும் செயலி அங்கே பாதிதான் உதவும். அரிவாள் செல் சோதனை செய்தாயா என்றும் அது கேட்க வேண்டும்.

எங்களுக்குப் பெரிய தலைவலி எல்லைதான். வளைகாப்பு முடிந்ததும் பிள்ளைத்தாய்ச்சி மலையிறங்கி அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். கீழே தமிழ்நாட்டின் பிக்மி என்னும் கர்ப்பிணிப் பதிவு வேறு, அதில் தரும் ஆர்.சி.எச். எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டும். முன்பு ஒருத்திக்கு இங்கே மூன்று மாதம் பார்த்த பிரஷர் கீழே யாருக்கும் தெரியவே இல்லை. கேட்கவும் ஆளில்லை. வலிப்பு வந்த பிறகுதான் விசாரித்தார்கள். பிழைத்துக்கொண்டாள்.

அதனால் இவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்ததும், தாய்-சேய் அட்டையின் முதல் பக்கத்தில் பிரஷர், புரதம், தேதி, கொடுத்த மாத்திரை எல்லாவற்றையும் தமிழில் பெரிதாக எழுதினேன். கூடவே என் போன் நம்பரையும். பிளாஸ்டிக் கவரில் போட்டு ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து, தெரியாத நம்பரிலிருந்து போன்.

"அக்கா, நான் கம்பத்திலருந்து நர்ஸ் பேசறேன். உங்க அட்டை கையில இருக்கு. காலையில பிரஷர் 150 காட்டுது. மாத்திரை எப்ப ஆரம்பிச்சாங்க?"