ரொட்டி டின்னுக்குள் ஒலி 96.8

கைப்பேசியை மைக்ரோவேவ் அடுப்பினுள் வைத்துக் கதவைச் சாத்திய பின்னும் அது மணியடிக்கிறதே, அப்படியானால் எங்கள் அடுப்பு கதிரைக் கசிய விடுகிறதா என்று ஜொகூர் பாருவிலிருந்தும் குளுவாங்கிலிருந்தும் ஓயாமல் கேட்கிறீர்கள்; இச்சந்தேகத்தை வாதம் செய்து தீர்ப்பதினும், படிவம் 4 மாணவர்கள் வகுப்பறையிலேயே செய்யத்தக்க ஒரு பரிசோதனையால் தீர்ப்பதே உசிதம்.

சிறிய வானொலிப் பெட்டியொன்றில் சிங்கப்பூரின் ஒலி 96.8-ஐ வையுங்கள். ஜொகூர் பாலத்தில் நாம் மணிக்கணக்காக வரிசையில் நிற்க, கடவுச்சீட்டு ஏதுமின்றி நீரிணையைத் தாண்டி நம் சமையற்கட்டுவரை வந்து பாடும் புண்ணியம் செய்த அலை அது. அதன் நீளம் ஏறக்குறைய 3.1 மீட்டர். அந்தப் பெட்டியை, ஏரியலாக உதவும் காதுக் கம்பியோடு சேர்த்து, ரொட்டி டின்னில் இட்டு இறுக மூடினால் பாட்டு மறைந்து இரைச்சலே மிஞ்சும். கம்பியின் நுனி வெளியே எட்டிப் பார்த்தால் பாட்டு திரும்பிவிடும். மாணவர்கள் அக்குறும்பைத்தான் முதலில் செய்வார்கள், செய்யட்டும். பிறகு டின்னை விடுத்து, கோழிக்கூட்டுக் கம்பிவலையால் பெட்டியை முழுதும் சுற்றுங்கள்: விரல் நுழையும் துவாரத்தில் மூன்று மீட்டர் அலை நுழையத் திணறும். துவாரத்தை மட்டும் பார்க்காதீர்கள், அலைநீளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இவ்விடத்தில் ஜகதீச சந்திர போஸை நினையாது செல்ல எனக்கு மனம் வருவதில்லை. 1895-இல் கல்கத்தா டவுன் ஹாலில், சுவரை ஊடுருவிய அலைகளால் தூரத்து மணியை ஒலிக்கவும் வெடிமருந்தைப் பற்றவும் செய்த அம்மேதை, ரயில்வே கால அட்டவணைப் புத்தகமொன்றின் ஏடுகளுக்கிடையே வெள்ளீயத் தகடுகளைச் செருகி, அலையின் அதிர்வை ஒரே திசைக்கு வடிகட்டும் உபகரணமாக்கினார். ரயிலைப் பிடிக்க அப்புத்தகம் யாருக்கு உதவிற்றோ, விஞ்ஞானத்துக்கு உதவிற்று. அவருடைய அலைகளில் குறுகியது 5 மில்லிமீட்டர். ஏட்டின் கனமோ அதனினும் மிகச் சிறிது. மறுபடியும் அலைநீளம்தான்!

அடுப்புக் கதவிலுள்ள வலையின் துவாரம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். உள்ளிருக்கும் அலை 12 சென்டிமீட்டர், ஆதலால் அடைபடுகிறது. ஒளியலையோ மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, ஆதலால் வெளியே வந்து, வேகும் சோற்றை நமக்குக் காட்டுகிறது. கைப்பேசி மட்டும் ஏன் மணியடிக்கிறது? கதவின் விளிம்பு அடுப்பின் 2450 மெகாஹெர்ட்ஸுக்கென வகுக்கப்பட்டது. கைப்பேசியின் அலைவரிசைகள் பெரும்பாலும் வேறு. மேலும், ஆயிரத்திலொரு பங்காய்த் தேய்ந்த சமிக்ஞையும் அதற்குப் போதும். ஆகவே மணியடித்தது கசிவுக்குச் சாட்சியன்று. கதவு கோணியிருந்தால் அதுவே அஞ்சவேண்டிய விஷயம்.

நேரம் போய்விட்டது, அடுப்பின் அலைநீளத்தை நீங்களே அளக்கும் வழியையும் விரைந்து சொல்கிறேன். கைப்பேசியை வெளியே எடுங்கள். அது உள்ளிருக்க அடுப்பை இயக்கவே கூடாது. சுழல் தட்டையும் எடுத்துவிட்டு, அகன்ற சாக்லெட் கட்டியை வைத்து, இரண்டோர் இடம் உருகியதும் நிறுத்துங்கள். அடுத்தடுத்து உருகிய புள்ளிகளின் இடைவெளி சுமார் 6 சென்டிமீட்டர், அதாவது அலைநீளத்தில் பாதி. அதை இரட்டித்து, மீட்டராக்கி, 245 கோடியால் பெருக்குங்கள். ஒளியின் வேகம், விநாடிக்கு 30 கோடி மீட்டருக்கு அருகில் வரும். வெகுவாக விலகினால், அநேகமாகச் சுழல் தட்டை எடுக்க மறந்திருப்பீர்கள்.