லினக்ஸ் கம்ப்யூட்டரின் கதவு பூட்டியிருக்கிறதா?

போத்தனூரில் எங்கள் வீட்டில் ஒரு பழைய லேப்டாப் இரவு பகலாக ஓடிக் கொண்டிருக்கிறது. நான் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. அதில் லினக்ஸ் பதிந்து, வீட்டுப் போட்டோக்களையும் அப்பாவின் மளிகைக் கடைக் கணக்கையும் வைத்திருக்கிறோம். அலுவலகத்திலிருந்தும் அதற்குள் நுழைய எஸ்.எஸ்.ஹெச். சேவையை இயக்கி, ரவுட்டரில் 22ஆம் எண் போர்ட்டைத் திறந்து வைத்தேன்.

யார் உள்ளே வரலாம் என்பதை முடிவு செய்ய நான் நம்பியது, ஈடிசி டைரக்டரியில் உள்ள ஹோஸ்ட்ஸ்.அலவ், ஹோஸ்ட்ஸ்.டினை என்ற இரண்டு பைல்களை. முதல் பைலில் வீட்டு நெட்வொர்க்கையும் அலுவலக ஐ.பி. முகவரியையும் எழுதினேன். இரண்டாவதில் மற்ற எல்லாரையும் தடுத்தேன். அலவ் பைல்தான் முதலில் படிக்கப்படும். அதில் பொருந்தும் வரி இருந்தால் அனுமதி. இல்லாவிட்டால் டினை பைல் பார்க்கப்படும். அதிலும் பொருந்தாவிட்டால் அனுமதிதான்!

இந்த முறைக்கு டி.சி.பி. ராப்பர்ஸ் என்று பெயர். நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பைல்களை அழித்துக் கொண்டிருந்த ஒருவரைக் கண்காணிக்க, 1990இல் வீட்சே வெனமா இதை எழுதினார். பல ஆண்டுகள் லினக்ஸ் சர்வர்களின் காவல்காரனாக இருந்தது.

பின்னர் லேப்டாப்பில் ரெட் ஹாட் குடும்பத்தைச் சேர்ந்த புதிய லினக்ஸைப் பதிந்து, இரண்டு பைல்களையும் அப்படியே காப்பி செய்தேன். ஒரு வாரம் கழித்து லாக் பைலைத் திறந்தால், ரூட், அட்மின், டெஸ்ட் என்ற பெயர்களில் பாஸ்வேர்டை ஊகித்த முயற்சிகள் பக்கம் பக்கமாக இருந்தன. கதவருகே வரவே கூடாதவர்கள் பூட்டைத் திருகிப் பார்த்திருக்கிறார்கள். பாஸ்வேர்ட் நீளமாக இருந்ததால் கணக்கு தப்பியது.

காரணம் எளிது. ஓபன் எஸ்.எஸ்.ஹெச். 2014இல் வெளியான 6.7 பதிப்பிலேயே டி.சி.பி. ராப்பர்ஸ் ஆதரவை நீக்கிவிட்டது. 2019இல் வந்த ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8இலும் அது இல்லை. பைல் இருந்தது, அதைப் படிக்க ஆள் இல்லை. எர்ரர் செய்தியும் வரவில்லை. பயர்வால்-டி ஓடிக் கொண்டிருந்தாலும், அதன் பப்ளிக் ஸோனில் எஸ்.எஸ்.ஹெச். வழக்கமாகவே அனுமதிக்கப்பட்டிருக்கும்.

உங்கள் கம்ப்யூட்டரில் இவற்றைச் செய்து பாருங்கள்.

1. ‘எஸ்.எஸ்.’ கட்டளையை டி, எல், என், பி ஆகிய ஆப்ஷன்களுடன் இயக்குங்கள். எந்தச் சேவை எந்தப் போர்ட்டில் காத்திருக்கிறது என்று தெரியும். 127.0.0.1 என்றிருந்தால் அதே கம்ப்யூட்டருக்கு மட்டும். 0.0.0.0 என்றிருந்தால் எந்த நெட்வொர்க் வழியாகவும் வரலாம். தேவையற்ற சேவைகளை நிறுத்திவிடுங்கள்.

2. கட்டுப்பாட்டைப் பயர்வாலில் வையுங்கள். உபுண்டுவில் யு.எஃப்.டபிள்யூ. போதும். முதலில் உங்கள் முகவரிகளை அனுமதித்து, அதன் பின்பே பயர்வாலை இயக்குங்கள். வரிசை மாறினால் வெளியில் நிற்பது நீங்கள்தான். பயர்வால்-டியில் உங்கள் முகவரிகளுக்கென ஒரு ஸோனில் எஸ்.எஸ்.ஹெச்.-ஐ அனுமதித்துவிட்டு, பப்ளிக் ஸோனிலிருந்து நீக்குங்கள். பெர்மனன்ட் ஆப்ஷன் தராவிட்டால் ரீபூட் ஆனதும் மாற்றம் போய்விடும்.

3. பாஸ்வேர்டுக்குப் பதில் கீ பைல் மூலம் மட்டும் லாகின் செய்யும்படி எஸ்.எஸ்.ஹெச். அமைப்பை மாற்றுங்கள்.

4. கடைசியாக, மொபைலில் வை-பையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டா வழியாக உங்கள் வீட்டு முகவரிக்கு இணைத்துப் பாருங்கள். லாகின் கேட்டால் கதவு திறந்திருக்கிறது என்று பொருள்.

நான் செய்யாமல் விட்டது இந்த நான்காவது வேலையைத்தான். இரண்டு நிமிடம்தான் ஆகும். லினக்ஸை அப்டேட் செய்யும் ஒவ்வொரு முறையும் செய்துவிடுங்கள்.