பொறியைப் போல் நடிக்கும் நிரல்

ஏட்டுச் சுவடியைப் படிக்கக் கண்ணும் எழுத்தறிவும் போதும். கணினி நிரலின் நிலை அத்தகையதன்று. எந்தப் பொறிக்கென எழுதப்பட்டதோ, அதன் கட்டளை மொழியிலேயே அது பேசும். கோப்பைத் திறக்கவும் திரையில் எழுத்தைக் காட்டவும் அப்பொறியின் இயங்குதளத்தையே நாடும். பொறி மறைந்தால் நிரலும் ஊமையாகும். இக்குறையை நீக்க அறிஞர் கண்ட வழிகள் இரண்டு.

முதலாவது பாவனை. ஆங்கிலத்தில் இதனை எமுலேஷன் என்பர். பழைய பொறியின் நுண்செயலி, நினைவகம், திரை முதலியன இயங்கும் முறை முழுவதையும் புதிய கணினியில் ஒரு நிரலாக அமைப்பர். அந்நிரல் பழைய கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பொருளறிந்து, அதே விளைவைப் புதிய பொறியில் உண்டாக்கும். பழைய இயங்குதளமும் அதனுள் அப்படியே இயங்கும். ஒரு கட்டளைக்குப் பல கட்டளைகள் செலவாதலின் வேகம் குறையும். புதிய பொறி பன்மடங்கு விரைவுடையதாயின் அக்குறை தோன்றாது. 1964ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் சிஸ்டம்/360 கணினிகளை அறிவித்தபோதே, பழைய 1401 கணினியின் நிரல்களை அவற்றுட் சில இயக்குமாறு அமைத்தது.

இரண்டாவது, வேண்டுகோளை மட்டும் பெயர்த்தல். விண்டோசும் லினக்சும் ஒரேவகை நுண்செயலியில் இயங்கும்போது கட்டளை மொழி ஒன்றே. இயங்குதளத்திடம் கேட்கும் முறைதான் வேறு. 1993இல் தொடங்கப்பெற்ற வைன் என்னும் மென்பொருள், விண்டோஸ் நிரல் கேட்பதை லினக்சுக்கு விளங்குமாறு மாற்றித் தருகிறது. நுண்செயலியைப் போல் நடியாமையால், ‘வைன் பாவனை நிரல் அன்று’ என்பதே அதன் பெயர் விளக்கமாயிற்று.

பாவனையின் அருமையை இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒன்று உணர்த்தும். 1086இல் வில்லியம் மன்னன் ஆணையால் எழுந்த நில உடைமைக் கணக்கு டூம்ஸ்டே ஏடு. அதன் 900ஆம் ஆண்டு நினைவாக, 1986இல் பி.பி.சி. நிறுவனம் நாட்டு மக்களின் வாழ்வைப் பற்றிய செய்திகளையும் படங்களையும் லேசர் வட்டுகளில் பதிந்தது. 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்பணியில் பங்குகொண்டனர். அவருள் பள்ளி மாணவர் மிகப் பலர். அவ்வட்டுகளைப் படிக்கத் தனி வட்டு இயக்கியும் பி.பி.சி. மாஸ்டர் கணினியும் தேவை. பதினைந்து ஆண்டுகளுக்குள் அவை அரியனவாயின. தோலில் எழுதிய பழைய ஏடோ இன்றும் படிக்கத் தக்கதாய் இருக்கிறது! 2002இல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் கமிலியான் ஆய்வுத் திட்டத்தினர், வட்டின் செய்திகளை எடுத்துப் பாவனை நிரல் வழியே புதிய கணினியில் மீண்டும் இயக்கிக் காட்டினர்.

இயங்கும் பழம்பொறி எஞ்சியிருந்தமையாலேயே அம்மீட்பு கைகூடியது. பொறியும் அழிந்து, அதன் இயல்பும் எழுதி வைக்கப்படாவிடின், அதைப் போல் நடிக்க எந்த நிரலாலும் இயலாது. இவ்வுண்மை தமிழர்க்கும் பொருந்தும். யுனிகோடு பரவுமுன் தமிழ் எழுத்துருக்கள் பலவும் தத்தமக்கெனத் தனிக் குறியீட்டு முறை கொண்டிருந்தன. அந்நாளில் கணினியில் ஏற்றிய பாடங்களையும் கட்டுரைகளையும் வைத்திருப்போர், கோப்பை மட்டும் காத்தல் போதாது. அதனை எழுதிய நிரல், எழுத்துரு, இயங்குதளத்தின் பெயர் ஆகியவற்றையும் உடன் வைத்துக் காத்தல் வேண்டும்.