அம்மன் காசும் விலைப்படமும்

பங்குகளின் விலை ஏறி இறங்குவதைக் காட்டும் படத்தைப் பார்த்தே நாளைய விலையைச் சொல்லிவிடலாம் என்னும் நம்பிக்கை இன்று பட்டணங்களோடு நிற்கவில்லை. அறந்தாங்கியிலும் ஆலங்குடியிலும் உள்ள இளைஞர்களின் கைபேசிகளில் அப்படங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் படிக்கும் வித்தையைக் கற்பிப்பதாகச் சொல்லிக் கட்டணம் வாங்குவோரும் பெருகியுள்ளனர். தறியில் உழைத்த கூலியும் கடலை விற்ற பணமும் அவ்வழியே போவதற்கு முன், “எனக்கு இந்த வித்தை உண்மையாகவே வந்திருக்கிறதா?” என்று ஒருவர் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ள வழி உண்டா? உண்டு. அதற்குக் காசு செலவில்லை. அவ்வழியை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெல் வணிகம் தந்த படம்

இன்று பெரிதும் வழங்கும் மெழுகுவத்திப் படம் ஜப்பானிலிருந்து வந்தது. ஒசாகா நகரின் தோஜிமா அரிசிச் சந்தைக்கு 1730-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு முறையான அனுமதி வழங்கியது. அக்காலத்தைச் சேர்ந்த ஹொம்மா முனெஹிசா என்னும் அரிசி வணிகரின் பெயரோடு இப்படமுறையைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். ஒருநாளின் தொடக்க விலைக்கும் முடிவு விலைக்கும் இடைப்பட்டது மெழுகுவத்தியின் உடல். அன்றைய உச்ச விலையும் தாழ்ந்த விலையும் அதன் மேலும் கீழும் நீளும் திரிகள். ஆகவே ஒரு நாளில் நடந்ததை ஒரே பார்வையில் காட்ட இது நல்ல கருவி. நடக்கப்போவதையும் இது காட்டுமா என்பதே கேள்வி.

நெசவாளருக்கு இதனை எளிதில் விளங்கவைக்கலாம். கட்டக் காகிதத்தில் பூவேலையை வரைந்து, அதற்கேற்ப அட்டையில் துளையிட்டு, ஜக்கார்டு தறியில் ஏற்றுகிறோம். அங்கே படம் முன்னே வருகிறது. துணி பின்னே வருகிறது. படம் இட்ட கட்டளைக்குத் தறி பணிகிறது. ஆதலால் பூ மீண்டும் மீண்டும் தவறாது விழுகிறது. சந்தையிலோ விலை முன்னே வருகிறது. படம் பின்னே வருகிறது. அது சென்றவருடைய காலடித் தடமே அன்றி, இனிச் செல்வோருக்கு இட்ட கட்டளை அன்று.

கண் காணும் மாயம்

தற்செயலாக விழுந்த எண்களிலும் நம் கண் ஒழுங்கைக் கண்டுவிடும். சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ராபர்ட்ஸ் 1959-ஆம் ஆண்டில், தற்செயல் எண்களைக் கொண்டு ஒரு கற்பனை விலைப்படத்தை வரைந்து, அது மெய்யான சந்தைப் படத்தை எவ்வளவு ஒத்திருக்கிறது என்று காட்டினார். பர்ட்டன் மால்கீல் என்னும் பொருளியல் அறிஞர் தம் மாணவர்களை நாணயம் சுண்டச் செய்தார். தலை விழுந்தால் விலை அரை டாலர் ஏறும். பூ விழுந்தால் அரை டாலர் இறங்கும். அவ்வாறு வரைந்த படம் ஒன்றைக் கண்ட படவல்லுநர் ஒருவர், உடனே வாங்க வேண்டிய பங்கு என்று துள்ளினாராம். 1973-இல் வெளிவந்த தம் நூலில் மால்கீல் இதனை எழுதியுள்ளார்.

மறுபக்கத்தையும் சொல்வதே நியாயம். 2010-ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ லோவும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு கணினி விளையாட்டை அமைத்தனர். மெய்யான விலைப்படத்தையும், அதே ஏற்ற இறக்கங்களை வரிசை மாற்றிக் கலைத்த போலிப் படத்தையும் அருகருகே காட்டி, எது மெய் என்று கேட்டனர். ஒவ்வொரு விடைக்கும் உடனே சரி, தவறு சொல்லப்பட்டபோது ஆட்டக்காரர்கள் மெய்யைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டனர். கண் பழகும் என்பதற்கு இது சான்று. ஆயினும் மெய்ப்படத்தை அடையாளம் காண்பது வேறு; அதனால் பணம் ஈட்டுவது வேறு.

சோதனை செய்யும் முறை

புதுக்கோட்டை சமஸ்தானம் 1948-இல் இந்திய யூனியனோடு இணைந்தது. அதுவரை இங்கே வழங்கிய அம்மன் காசு பல வீடுகளில் இன்னும் கிடக்கக்கூடும். ஒரு பக்கம் பிரகதாம்பாள் உருவமும், மறுபக்கம் ‘விஜய’ என்ற தெலுங்கு எழுத்தும் கொண்ட சிறு செப்புக் காசு அது. அதுவே இந்த விளையாட்டில் நமக்குப் போட்டியாளர். அது இல்லையெனில் எந்த நாணயமும் ஆகும்.

நண்பர் ஒருவர் பழைய விலைப்படங்களை, கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதுபோல், தேர்ந்து வைக்கட்டும். கம்பெனியின் பெயரும் ஆண்டும் மறைக்கப்பட வேண்டும். முதல் 40 நாட்களின் விலையை மட்டும் காட்டட்டும். பத்து நாள் கழித்து விலை ஏறியிருக்குமா, இறங்கியிருக்குமா என்பதை ஆட்டக்காரர் நோட்டுப் புத்தகத்தில் எழுதிய பின்னரே மீதியைத் திறக்க வேண்டும். எழுதுமுன் திறப்பது விளையாட்டைக் கெடுக்கும். அதே படத்துக்கு அம்மன் காசையும் சுண்டி, அம்மன் விழுந்தால் ஏற்றம், ‘விஜய’ விழுந்தால் இறக்கம் என்று எழுதிக்கொள்க. “எப்போதும் ஏறும்” என்றே சொல்லும் மூன்றாவது ஆட்டக்காரரையும் வைத்துக்கொள்ளுதல் நலம். சந்தை நெடுங்காலம் ஏறிய பருவத்துப் படங்களில், ஒன்றும் அறியாத அவரே முந்தக்கூடும்.

இருபதில் பன்னிரண்டு சரியாக வந்தால் மகிழ்ந்துவிடலாகாது. வெறும் காசும் நான்கு முறைக்கு ஒருமுறை அவ்வளவு அல்லது அதற்கு மேல் பெறும். பதினைந்து பெறுவது அரிது. காசுக்கு ஏறத்தாழ ஐம்பது முறைக்கு ஒருமுறையே வாய்க்கும். ஆனால் முப்பது பேர் கூடி ஆடினால், அவர்களுள் ஒருவராவது குருட்டு வாய்ப்பால் பதினைந்தைத் தொடுவதற்கு ஏறக்குறையப் பாதிக்குப் பாதி சாத்தியம் உண்டு. மேடையேறித் தம் வெற்றியைக் காட்டுபவர் அந்த ஒருவராகவே இருக்கலாம். எனவே நூறு படங்களேனும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வதே முறை. நூறில் அறுபதை எட்டினால் மேலும் சோதிக்கத்தக்க திறன் என்று கொள்ளலாம்.

செலவையும் கழிக்க வேண்டும். பத்தாயிரம் ரூபாய் வைத்து ஆடும் ஒவ்வொரு முறைக்கும் தரகும் வரியுமாக முப்பது ரூபாய் போவதாகக் கொள்வோம். நூறு முறைக்கு மூவாயிரம் ரூபாய் ஆகிறது. முதலில் பத்தில் மூன்று பங்கை லாபமாகப் பெற்றால்தான் போட்ட முதல் அப்படியே நிற்கும்.

விளையாட்டு சொல்லாதவை

தாள்மேல் ஆடும்போது பயமும் பேராசையும் இல்லை. சொந்தப் பணம் கரையும்போது கை நடுங்கும். இழந்ததை மீட்க இரட்டிப்பாகப் போடத் தோன்றும். அன்றியும், எதிர்பாராத நிகழ்ச்சி எந்தப் படத்திலும் முன்னதாகத் தெரிவதில்லை. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் நம் மாவட்டத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. அதற்கு முந்திய மாதங்களின் தேங்காய் விலையை எவ்வளவு உற்று நோக்கினாலும் அந்தப் புயல் அதில் இராது. கீரமங்கலம் பூச்சந்தையில் முகூர்த்த நாளன்று மல்லிகை விலை ஏறுமென்று விவசாயி சொல்கிறார். அவர் சொல்வது காரணத்தை அறிந்து; கோட்டைப் பார்த்தன்று.

மெய்யான சந்தையின் கணக்கை, அதனை மேற்பார்க்கும் செபி நிறுவனம் 2024 செப்டம்பரில் வெளியிட்டது. 2021–22 முதல் 2023–24 வரையிலான மூன்றாண்டுகளில், பங்குகளின் முன்பேர வணிகத்திலும் ‘ஆப்ஷன்’ வணிகத்திலும் ஈடுபட்ட தனிநபர்களுள் 100-க்கு 93 பேர் நஷ்டமடைந்தனர். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அவர்களுள் முக்கால் பங்குக்கு மேற்பட்டோர் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்கு உட்பட்டவர்கள் என்பது நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. நுழைவுக் கட்டணம் வாங்கி, பரிசு காட்டி, பங்கு விலையை வைத்துப் போட்டி நடத்தும் செயலிகள் உள்ளன. இத்தகையவற்றைக் குறித்துச் செபி 2016-இலும் 2024-இலும் பொதுமக்களை எச்சரித்துள்ளது. நாம் கூறும் விளையாட்டுக்குப் பழைய விலையும், ஒரு நோட்டும், ஒரு காசும் போதும். பணம் கேட்கும் இடத்தில் அது பயிற்சியாக இராது, சூதாகிவிடும்.

விதை வாங்கினால் முளைப்புத்திறன் பார்த்தே விதைக்கிறோம். நூல் வாங்கினால் முறுக்கும் சாயமும் பார்த்தே பாவு ஓட்டுகிறோம். நம் பிள்ளைகள் பெற்றதாக நினைக்கும் திறனையும் அவ்வாறே பார்த்துவிடுவோம். நூறு படங்களில் அம்மன் காசை வெல்ல இயலாதவர் நகைக்கடன் பணத்தைச் சந்தையில் இறக்க வேண்டாம். வென்றவரும் செலவைக் கழித்துப் பார்த்து, மற்றொரு நூறு படங்களில் மறுபடியும் வென்ற பிறகே, இழந்தாலும் குடும்பம் தாங்கக்கூடிய சிறு தொகையோடு நிற்பாராக.