நடுவில் நின்ற கணினி உத்தியோகம்



பெங்களூர் ரயில் நிலையத்தை ஒட்டி, மெஜஸ்டிக்கின் இரைச்சலுக்கும் மல்லேசுவரத்தின் மர நிழலுக்கும் இடையில் அமைந்த ஒக்கலிபுரத்திலும், அதற்கு அடுத்த ஸ்ரீராமபுரத்திலும், பின்னி மில்லையும் ராஜா மில்லையும் நம்பி வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் கணினித் துறைக்குச் சென்றதும், அவர்களுள் சிலர், பெரும்பாலும் பெண்கள், பிரசவத்துக்காகவோ, மாமியாரின் நோய்க்காகவோ, கணவருக்கு வந்த மாற்றல் உத்தரவுக்காகவோ ஆறு வருஷம், எட்டு வருஷம் என்று வீட்டிலேயே தங்கிவிட்டதும் இப்பகுதியை அறிந்தவர்களுக்குப் புதிய செய்தி அல்ல. அவர்கள் மீண்டும் உத்தியோகம் தேடப் புறப்படும்போது எதை முதலில் செய்ய வேண்டும், எதற்குப் பணத்தை வீணாக்கக் கூடாது என்பதே இன்றைய காணொளியின் விஷயம். பெற்றோரைப் பராமரிக்க விலகிய ஆண்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். அவர்களிடம் கேள்வி கேட்கப்படும் தொனிதான் சற்று வேறு.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரும்பி வருகிறவர்கள் வித்தை போதாமல் தவிப்பதைவிட, அத்தாட்சி போதாமல் தவிப்பதே அதிகம்.

வித்தையின் கதையைப் பார்ப்போம். நீங்கள் 2012-இல் வேலையை விட்ட ஒரு ஜாவா நிபுணர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2014-இல் ஜாவாவின் எட்டாம் பதிப்பு வந்து எழுதும் பாணியைச் சிறிது மாற்றியது. 2018 முதல் ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு என்ற கதியில் வெளியிடுகிறார்கள். ஆயினும் நீங்கள் அன்று எழுதிய நிரல்களில் மிகுதியானவை இன்றும் ஓடும். தரவுத்தளத்தை வினவும் எஸ்.க்யூ.எல். மொழிக்கு ஆதாரமான கொள்கையை எட்கர் காட் வெளியிட்டது 1970-இல். இரண்டு அட்டவணைகளை இணைத்து விடை காணும் முறை உங்கள் கல்லூரிக் காலத்தில் இருந்தபடியே இருக்கிறது. மாறியிருப்பது பட்டறை. அன்று எஸ்.வி.என்.-இல் சேமித்த நிரலை இன்று கிட்-இல் சேமிக்கிறார்கள். அலுவலகத்தின் குளிரறையில் இருந்த சர்வர், அமேசான் 2016-இல் மும்பையில் திறந்தது போன்ற கிளவுட் மையங்களுக்குப் போய்விட்டது. கையால் சோதித்தவற்றைச் செலினியம் போன்ற கருவிகள் சோதிக்கின்றன. நீராவியால் ஓடிய தறியை விட்டுச் சென்ற நெசவாளி, மின்சாரத் தறியின் முன் திகைத்து நின்றாலும், பாவும் ஊடும் மாறவில்லை என்று கண்டதும் கை தானாகவே வேலையில் இறங்குவதைப் போன்றதே இதுவும்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு நிரலை யந்திரமே எழுதுகிறதே, இனி நமக்கு என்ன இடம் என்று பலர் அஞ்சுகிறார்கள். புதிதாகச் சேரும் இளைஞர்களுக்கு அது அச்சம் தருவதில் நியாயம் இருக்கலாம். ஆனால் யந்திரம் எழுதியதைப் படித்து, எந்த வரியில் பிழை ஒளிந்திருக்கிறது, எந்த இடத்தில் வாடிக்கையாளரின் பணம் இரண்டு முறை கழிந்துவிடும் என்று கண்டுபிடிக்கும் காரியம், இரவு இரண்டு மணிக்கு நின்றுபோன ஒரு சிஸ்டத்தை முன்பு எழுப்பி உட்கார வைத்தவர்களுக்கே எளிதில் கைவரும்.

ஆகவே மாரத்தஹள்ளியிலும் பி.டி.எம். லேஅவுட்டிலும் கட்டடம் கட்டடமாகப் பலகை தொங்கும் பயிற்சி நிலையங்களில் மூன்று சான்றிதழ்களுக்குப் பணம் கட்டுவதற்கு முன், பழைய காகிதங்களைத் தேடுங்கள். நேர்காணலில் தேறிய பின்பும், பழைய உத்தியோகத்தைச் சரிபார்க்கும் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் என்னும் கட்டத்தில் வேலை கைநழுவிப் போவது உண்டு. ரிலீவிங் லெட்டர், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16 ஆகியவை பரணில் கிடைக்காவிட்டால், வருமான வரித் தளத்தின் வழியே ஃபார்ம் 26ஏஎஸ் என்ற குறிப்பை எடுக்கலாம். 2008-09 நிதியாண்டு முதல், உங்கள் சம்பளத்தில் வரி பிடித்திருந்தால், பிடித்த கம்பெனியின் பெயர் அதில் இருக்கும்.

அந்தக் கம்பெனியே இப்போது இல்லை என்பீர்கள். சத்யம் 2013-இல் டெக் மஹிந்திராவுடன் இணைந்தது. ஐகேட் 2015-இல் கேப்ஜெமினியின் வசமாயிற்று. 1999-இல் பெங்களூரில் பிறந்த மைண்ட்ட்ரீ 2022-இல் எல்.டி.ஐ.மைண்ட்ட்ரீ ஆயிற்று. வாரிசாக வந்த நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்குப் பழைய பணியாளர் எண்ணைக் குறித்து எழுதிச் சான்று கேட்கலாம். (கம்பெனி பெயரை மாற்றிக்கொண்டால் அது வளர்ச்சி; பணியாளர் பிள்ளை வளர்த்தால் அது இடைவெளி. இந்த நியாயம் எனக்கு விளங்கியதில்லை.)

வருங்கால வைப்பு நிதி விஷயம் அதைவிட முக்கியம். யு.ஏ.என். என்னும் நிரந்தர எண் 2014-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் விலகியவர்களிடம் பழைய பி.எஃப். எண் மட்டும் இருக்கக்கூடும். பணத்தை எடுத்துவிடலாமே என்று அவசரப்பட வேண்டாம். பென்ஷனுக்குப் பத்து வருஷ சேவை தேவை. பென்ஷன் பங்கை எடுக்காமல், ஸ்கீம் சர்டிஃபிகேட் என்ற பத்திரத்தைப் பெற்று வைத்தவர், இடைவெளிக்கு முன் செய்த ஆறு வருஷத்தைப் பின் செய்யும் நாலு வருஷத்தோடு சேர்த்துக் கணக்குக் காட்ட வழி இருக்கிறது. இன்னொரு எச்சரிக்கை: இடைவெளியை மறைப்பதற்குப் பொய்யான அனுபவச் சான்று விற்பவர்கள் இந்நகரில் இருக்கிறார்கள். யு.ஏ.என். வரலாற்றைத் திறந்து பார்த்த மாத்திரத்தில் அந்தப் பொய் வெளிப்பட்டுவிடும். அதன் பின் இடைவெளி மன்னிக்கப்பட்டாலும் பொய் மன்னிக்கப்படாது.

பழைய அத்தாட்சி இவ்வளவே. புதிய அத்தாட்சி என்பது சென்ற மாதம் நீங்கள் செய்த ஒரு சிறு வேலை. தெருமுனை மளிகைக் கடையின் கடன் கணக்கையோ, பிள்ளையின் பள்ளி வேன் வரும் நேரத்தையோ காட்டும் ஒரு சிறிய செயலியைக் கட்டி, பிறர் திறந்து பார்க்கும்படி கிட்ஹப்பில் வைத்து, அதன் சுட்டியைப் பழைய சகாக்களுக்கு அனுப்புங்கள். பயோடேட்டாவைச் சலிக்கும் யந்திரம் உங்களை ஒதுக்கக்கூடும். உங்களோடு ஒரே மேஜையில் சாப்பிட்டவர் இன்று மேனேஜராக இருந்தால், ஒரு ரெஃபரல் கொடுக்கத் தயங்கமாட்டார்.

திரும்பி வருகிறவர்களுக்கென்றே கதவு திறந்தவர்களும் உண்டு. சென்னையில் சௌந்தர்யா ராஜேஷ் 2000-இல் தொடங்கிய அவதார், 2008-இல் டாட்டா குழுமம் ஏறத்தாழ 500 மணி நேரப் பணியாக வகுத்த இரண்டாம் உத்தியோகத் திட்டம், பெங்களூரில் நேகா பகாரியா 2015 மகளிர் தினத்தன்று ஆரம்பித்துப் பின்னர் ஹெர்கீ என்று பெயர் மாறிய ஜாப்ஸ்ஃபார்ஹர் ஆகியவை தெரிந்த பெயர்கள். பெரிய நிறுவனங்கள் சில ரிட்டர்ன்ஷிப் என்ற பெயரில் சில மாதப் பயிற்சி வேலை தருகின்றன. முடிவில் நிரந்தர வேலை எந்த நிபந்தனையின் பேரில் கிடைக்கும் என்று கேளுங்கள். மழுப்பலாகப் பதில் வந்தால், அது மலிவான கூலிக்கு ஆள் எடுக்கும் உபாயம் என்றே கொள்ளலாம்.

வீட்டில் தங்கிவிட்ட பெண்களை வேலைக்கு அழைக்கும் யோசனை நேற்றுப் பிறந்ததும் அன்று. குழந்தைப் பருவத்தில் அகதியாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்த ஸ்டெபனி ஷர்லி என்ற மாது, 1962-இல், பிள்ளை பெற்று வீட்டில் இருந்த பெண் நிரலர்களையே கூட்டி ஒரு நிறுவனம் தொடங்கினார். அவர்கள் தத்தம் வீட்டு மேஜையில் பென்சிலால் எழுதிய நிரல்களைத் தபாலில் அனுப்பினார்கள். கான்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலும் அவ்வாறு உருவானதே. தம் பெயரில் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வராததால் ஷர்லி ‘ஸ்டீவ்’ என்று கையொப்பமிட்டார்; தொலைபேசியில் பேசும்போது குழந்தையின் அழுகை கேளாதபடி, தட்டச்சு ஓசையைப் பதிவு செய்த நாடாவை ஓடவிட்டார். 1975-இல் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்தபோது, பெண்களுக்கு மட்டுமே வேலை என்ற அவருடைய கொள்கையே சட்டவிரோதமாகி, ஆண்களையும் சேர்க்க நேர்ந்தது!

நேர்காணலில் ‘ஏன் இத்தனை வருஷம் இடைவெளி?’ என்று நிச்சயம் கேட்பார்கள். ‘குழந்தைகளுக்காக விலகினேன், சார், இப்போது முழுநேரமும் வேலை செய்ய முடியும், சென்ற மாதம் கட்டிய செயலியைக் காட்டட்டுமா?’ என்று சுருக்கமாக முடித்துத் திரையைத் திறந்துவிடுங்கள்.

வேலை உறுதியான பின் நீங்கள் கேட்க வேண்டியவை இரண்டு. ஸ்ரீராமபுரம் மெட்ரோ நிலையத்தில் ஏறி, மெஜஸ்டிக்கில் மாறினால் ஒயிட்ஃபீல்டுக்கும், ஆர்.வி. ரோட்டில் மாறினால் 2025-இல் திறந்த மஞ்சள் தடத்தில் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் போய்விடலாம் என்றாலும், வாரத்தில் எத்தனை நாள் அப்படிப் போக வேண்டும் என்பது முதலாவது. ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பக வசதி இருக்க வேண்டும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று பார்க்கலாம் என்ற விதியை 2017-ஆம் வருஷத்து மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் கொண்டுவந்ததே, அந்தக் காப்பகம் எங்கே இருக்கிறது என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் சம்பளம் பேசும் அன்றே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்; சேர்ந்த பிறகு கேட்டால், கேட்டவர் பெயருக்கு நேரே ஒரு குறிப்பு விழும்.