கோப்பு வழங்கியின் எழுதும் வேகம்
தனிக் கருவியின்றிப் பெருக்கும் முறை

பல கணிப்பொறிகள் தம் கோப்புகளை ஒரே பொறியில் சேமித்து வைத்து, வேண்டும்போது கம்பி வழியே பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு இன்று கல்விச்சாலைகளிலும் அலுவலகங்களிலும் பரவலாகக் காணப்படுகிறது. சேமித்து வைக்கும் பொறிக்குக் கோப்பு வழங்கி அல்லது சர்வர் என்று பெயர். அதனிடம் கேட்டுப் பெறுவனவற்றைப் பயனர் பொறிகள் என்போம். இவ்வகை ஏற்பாடுகளுள் புகழ் பெற்றது, அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1985-இல் வெளியிட்ட என். எஃப். எஸ். என்னும் வலைக் கோப்பு முறையாகும்.

இம்முறையில் கோப்பைப் படிப்பது விரைவாக நிகழும், எழுதுவதோ தாமதப்படும். இக்குறையை நீக்குவதற்காக, மின்சாரம் நின்றாலும் மின்கலத்தின் துணையால் செய்தியை இழக்காத நினைவகப் பலகைகள் விற்பனைக்கு வந்தன. லெகாட்டோ நிறுவனத்தின் ‘பிரெஸ்டோசர்வ்’ அவற்றுள் ஒன்று. ஆயின், இத்தகைய தனிக் கருவியை எல்லோராலும் வாங்க இயலாது. அஃதின்றியே வேகத்தைப் பெருக்க வழி உண்டா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

தாமதம் ஏன்?

என். எஃப். எஸ். முறையின் இரண்டாம் பதிப்பில் கண்டிப்பான விதி ஒன்று உண்டு. பயனர் பொறி அனுப்பிய செய்தி, வட்டு போன்ற நிலையான சேமிப்பிடத்தில் பதிந்த பின்னரே, ‘எழுதியாயிற்று’ என்று வழங்கி விடையளிக்க வேண்டும். வழங்கி இடையில் நின்று மீண்டும் இயங்க நேர்ந்தாலும், விடை பெற்ற எந்தச் செய்தியும் அழியக் கூடாது என்பதே இவ்விதியின் நோக்கம்.

இப்பதிப்பில் ஒரு தடவைக்கு அனுப்பக்கூடிய செய்தியின் உச்ச அளவு 8 கிலோபைட். அதைப் பதிக்க ஒரே வட்டு வேலை போதாது. செய்தியை எழுத வேண்டும்; கோப்பின் நீளம், திருத்திய நேரம் முதலியவற்றைக் கூறும் குறிப்பை எழுத வேண்டும்; கோப்பு பெரியதாயின், அதன் பகுதிகள் வட்டில் எங்கெங்கு உள்ளன என்று காட்டும் அட்டவணையையும் எழுத வேண்டும். ஆக மூன்று வேலைகள்.

நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் வட்டு, ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி எடுத்துக்கொள்ளும். எழுதுமுனை உரிய தடத்தை அடையும் நேரத்தையும், சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருப்பையும் சேர்த்தால், ஒரு வேலைக்கு ஏறத்தாழ 12 மில்லி வினாடி ஆகும் எனலாம். ஒரு மெகாபைட் கோப்பை அனுப்ப 128 செய்திகள் வேண்டும். அவற்றுக்குரிய வட்டு வேலைகள் ஏறத்தாழ 384, நேரம் 4.6 வினாடி. அதே கோப்பை ஒரே தொடராக எழுதினால், ஒரு வினாடியின் சிறு பகுதியே போதும். எனவே இத்தாமதம் வட்டின் வலிமைக் குறைவால் நேர்வதன்று. வேலையைத் துண்டு துண்டாகச் செய்வதால் நேர்வது.

குறுக்கு வழியும் அதன் தீங்கும்

முதலில் விடையளித்துவிட்டுப் பின்னர் எழுதினால் என்ன? லினக்ஸில் ‘ஏசிங்க்’ என்னும் ஏற்பாடு இதைத்தான் செய்கிறது. வேகம் மிகும், ஆனால் ஆபத்தும் உண்டு.

கேரளத்தில் 2001-இல் தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம், பள்ளிகளில் லினக்ஸைச் சார்ந்த கட்டற்ற மென்பொருளைப் பரப்பியது. இடுக்கி மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள பீர்மேடு போன்றதோர் ஊரில், பள்ளி ஒன்று கோப்பு வழங்கியை இவ்வாறு அமைத்திருப்பதாகக் கொள்வோம். ஆசிரியர் மதிப்பெண் பட்டியலைச் சேமிக்கிறார்; முடிந்தது என்று திரை கூறுகிறது. மறு நொடியில் மழையாலும் காற்றாலும் மின்சாரம் நிற்கிறது. வழங்கியின் நினைவகத்தில் மட்டும் இருந்த எண்கள் மறைந்துவிடும். விடை கிடைத்துவிட்டமையால் பயனர் பொறியும் தன் படியை விட்டிருக்கும். மின்சாரம் மீண்ட பின்னர்ப் பிழை நேர்ந்ததென்று எவரும் அறிவிப்பதில்லை என்பதே இதிலுள்ள பெருந்தீங்கு.

லினக்ஸின் என். எஃப். எஸ். கருவித் தொகுதி 1.0.0 பதிப்பு வரை இவ்வழியையே இயல்பாகக் கொண்டிருந்தது. அதற்குப் பின் வந்த பதிப்புகளில், பதிந்த பிறகே விடையளிக்கும் ‘சிங்க்’ ஏற்பாடு இயல்பாயிற்று.

சேர்த்தெழுதும் முறை

விதியை மீறாமல் வேகத்தைக் கூட்டும் வழியை, டிஜிட்டல் எக்யுப்மெண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த செட் ஜுஸ்சாக் 1994-இல் யூஸ்னிக்ஸ் மாநாட்டில் விளக்கினார்.

இதைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் வேளையைக் கொண்டு உணரலாம். ஒவ்வொரு கூடையை நிறுத்ததும் கணக்கப்பிள்ளை அலுவலகத்திற்கு நடந்து சென்று பேரேட்டில் பதிந்து வந்தால், வரிசை நகராது. வரிசையில் நிற்கும் எட்டுப் பேரின் கொழுந்தையும் நிறுத்து, ஒரே நடையில் எட்டையும் பதிந்து, அதன் பின்னரே எட்டுச் சீட்டுகளையும் வழங்கினால் நடை குறையும். பதியாத எடைக்குச் சீட்டும் போகாது.

பயனர் பொறிகள் பெரும்பாலும் ஒரு விடைக்காகக் காத்திராமல் பல செய்திகளை அடுத்தடுத்து அனுப்புகின்றன. எனவே ஒரு செய்தி வந்ததும், அதே கோப்புக்குரிய வேறு செய்தி வந்துள்ளதா என்று வழங்கி பார்க்கிறது. இல்லையெனில் சில மில்லி வினாடி பொறுக்கிறது. பின்னர்ச் சேர்ந்தவற்றை ஒன்றாக எழுதி, குறிப்பையும் அட்டவணையையும் ஒரே முறை புதுப்பித்து, எல்லாவற்றுக்கும் விடையளிக்கிறது. எட்டெட்டாகச் சேர்ந்தால், மேற்கூறிய 384 வேலைகள் 48 ஆகக் குறையும்.

இதற்கும் எல்லை உண்டு. ஒவ்வொரு செய்திக்கும் விடை பெற்ற பின்னரே அடுத்ததை அனுப்பும் பயனர் பொறியிடம் சேர்ப்பதற்கு ஒன்றும் இராது. அப்போது பொறுத்திருந்த நேரம் வீணாகும்.

மூன்றாம் பதிப்பு

1995-இல் வந்த மூன்றாம் பதிப்பு இக்கருத்தை நெறிமுறையிலேயே சேர்த்துக்கொண்டது. ‘பெற்றுக்கொண்டேன், இன்னும் பதியவில்லை’ என்று வழங்கி உண்மையாகவே கூறலாம். பயனர் பொறி தன் படியை விடாமல் வைத்திருந்து, இறுதியில் ‘கமிட்’ என்னும் கட்டளையால் அனைத்தையும் பதியச் செய்யும். விடைகளோடு வழங்கி ஓர் அடையாள எண்ணையும் அனுப்புகிறது. இடையில் வழங்கி நின்று மீண்டும் இயங்கினால் அவ்வெண் மாறிவிடும். மாற்றத்தைக் கண்ட பயனர் பொறி, பதியாதவற்றை மறுபடியும் அனுப்பும்.

ஆகவே, சிறு கணிப்பொறிக் கூடத்தை நடத்துவோர் புதிய பலகை வாங்க எண்ணும் முன்னர், மூன்றாம் பதிப்போ அதற்குப் பிந்தியதோ இயங்குகிறதா என்றும், ‘சிங்க்’ ஏற்பாடு நிலவுகிறதா என்றும் பார்த்தல் நலம். மின்தடையைத் தாங்கும் யு. பி. எஸ். கருவி இருப்பினும் ‘ஏசிங்க்’ ஏற்பாட்டை நம்புவதற்கில்லை. மின்சாரம் இருக்கும்போதே மென்பொருட் கோளாறால் வழங்கி நின்றுபோவதும் உண்டன்றோ!