இடது காலுக்கு ஓய்வு

களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரைக்குக் காரில் போகிறவர்களுக்கு, தேசிய நெடுஞ்சாலையில் போகிறோம் என்ற நினைப்பே வராது. இரு பக்கமும் கடைகள் நெருக்கும் சாலை. உதியன்குளங்கரையில் ஒரு பஸ் நின்றால் அதன் பின்னால் ஊரே நிற்கும். இந்தத் தூரத்துக்குள் கிளட்சை எத்தனை முறை மிதிக்கிறோம் என்று ஒரு நாள் காலை எண்ணத் தொடங்கினேன். அமரவிளைப் பாலம் வருவதற்குள் நூறைத் தாண்டிவிட்டது. எண்ணுவதை நிறுத்திவிட்டேன். வலியை நிறுத்த முடியவில்லை. "எந்த முட்டு?" என்று கேட்ட டாக்டர், இடது என்றதும் "கார் ஓட்டுவீர்களோ?" என்றார்.

அப்படித்தான் எங்கள் வீட்டுக்குப் பழைய ஆட்டோமாட்டிக் கார் ஒன்று வந்தது. காலுக்குக் கீழே இரண்டே பெடல்கள். இதில் பழக என்ன இருக்கிறது என்று நினைத்தேன். விற்றுக்கொடுத்த மெக்கானிக் மட்டும் எச்சரித்தார்: "சாரே, இடத்து காலை அனக்கவே கூடாது. மடக்கி வச்சிடுங்க."

மூன்றாம் நாள் அனக்கினேன். பாறசாலையில் வேகம் குறைத்தபோது, இருபது வருடப் பழக்கத்தில் இடது கால் தானாக நீண்டு, கிளட்ச் என்று நம்பி பிரேக்கை முழு பலத்தோடு மிதித்துவிட்டது. கிளட்சை அடிவரை மிதிக்க வேண்டும் என்பதே அந்தக் காலுக்குத் தெரிந்த ஒரே பாடம். கார் ஆணி அடித்தாற்போல் நின்றது. பின்னால் வந்த பஸ் ஒரு சாண் இடைவெளியில் நின்றது. டிரைவர் மலையாளத்தில் சொன்னதை இங்கே மொழிபெயர்க்க முடியாது. மொழிபெயர்ப்புதான் என் தொழில் என்றாலும். எல்லையோரத்தில் பிறந்தவனுக்குத் தமிழிலிருந்து மலையாளத்துக்குத் தாவ கிளட்ச் தேவையில்லை. நாக்குக்கு இருக்கும் இந்தச் சாமர்த்தியம் காலுக்கு இல்லை.

ஆட்டோமாட்டிக் என்பது புதுச் சரக்கல்ல. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1939-லேயே 'ஹைட்ராமாட்டிக்' என்ற பெயரில் ஓல்ட்ஸ்மொபைல் கார்களுக்காக இதை அறிவித்துவிட்டது. நம் நாட்டில் கியர் இல்லாத வசதியை முதலில் பரவலாக அனுபவித்தவர்கள் ஸ்கூட்டர்காரர்கள்: 1984-ல் வந்த கைனடிக் ஹோண்டா. காரில் அது பணக்காரச் சமாசாரமாகவே நெடுங்காலம் இருந்தது. 2014-ல் மாருதி செலெரியோ வந்த பிறகுதான் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டியது.

அதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஏஎம்டி எனப்படும் இந்த மலிவு வகையில் இருப்பது பழைய கியர்பெட்டியேதான், பழைய கிளட்சேதான். மிதிக்கும் வேலையையும் மாற்றும் வேலையையும் நம் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு இயந்திரம் செய்கிறது. கியர் மாறும்போது லேசாகத் தலையாட்டுவது அதனால்தான். எங்கள் பக்கத்து ஏற்றங்களில் இது முக்கியமான விஷயம். ரப்பர் தோட்டத்து வழிகளில் நின்று கிளம்பும்போது வண்டி பின்னால் உருளும். பிற்காலத்தில் வந்த பல கார்களில் உருளாமல் பிடித்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. என் காரில் இல்லை. ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து வண்டியை ஏற்றத்தில் தொங்கவிடுவது பெரிய தப்பு. கிளட்ச் தேய்ந்து கருகும். ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து, ஆக்சிலேட்டர் கொடுத்து, பிறகு விட வேண்டும். என் காரில் 'பி' என்ற பார்க்கிங் நிலையும் கிடையாது. கியரில் வைத்தே எஞ்சினை அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு இறங்க வேண்டும். நான் சக்கரத்துக்கு ஒரு கல்லும் வைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் ஒரே கால், வலது கால்தான். பிரேக்கை மிதித்தபடிதான் கியரைப் போட வேண்டும். 'டி'யில் போட்டு பிரேக்கை விட்டாலே வண்டி ஊர்ந்து நகரும். பதற்றத்தில் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்தால், கிளட்ச் காரைப் போல திணறி அணைந்து நம்மைக் காப்பாற்றாது. பாய்ந்துவிடும்.

என் மனைவியிடம் பல வருடமாக லைசென்ஸ் உண்டு, பீரோவில் தூங்கியது. ஏற்றத்தில் ஹாஃப் கிளட்ச் பிடிக்கும் பயம். ஆட்டோமாட்டிக்கை ஒரே வாரத்தில் ஓட்டிவிட்டாள். மறக்க வேண்டிய பழக்கம் அவளுக்கு எதுவும் இல்லை. இப்போது மாமியாரை நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது அவள்தான். ஆட்டோவுக்குக் காத்து நிற்பதில்லை.

இங்கேதான் கேரளத்தின் லைசென்ஸ் விவகாரம் வருகிறது. கம்பிகளுக்கு நடுவே முன்னும் பின்னுமாக 'எச்' எடுத்துக்காட்ட வேண்டும். இரு சக்கரத்துக்கு '8'. 2024 பிப்ரவரியில் வந்த சுற்றறிக்கை, கார் தேர்வுக்கு ஆட்டோமாட்டிக்கும் மின்சாரக் காரும் கூடாது என்றது. தலைமுறைகளாக '8' போட்ட எம்-80யும் அந்த ஆண்டு ஆகஸ்டில் தேர்விலிருந்து போனது. டிரைவிங் பள்ளிகள் கொதித்தன. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் சுற்றறிக்கையை ரத்து செய்தது.

சுற்றறிக்கையின் கவலை முற்றிலும் வீண் என்று நான் சொல்லமாட்டேன். கார் லைசென்ஸ் கையில் கிடைத்தவர் நாளை கியர் வண்டியையும் சட்டப்படி எடுக்கலாம். பிரிட்டனில் ஆட்டோமாட்டிக்கில் தேறியவருக்கு அது மட்டுமே அனுமதி. வேடிக்கை என்னவென்றால், 1988 மோட்டார் வாகனச் சட்டம் மோட்டார் சைக்கிளைக் கியர் உள்ளது, கியர் இல்லாதது என்று இரண்டாகப் பிரிக்கிறது. காருக்கு அந்தப் பிரிவினை இல்லை. இருந்தால் முட்டுவலிக்காரரும் என் மனைவியைப் போன்றவர்களும் ஓட்டப்போகும் வண்டியிலேயே தேர்வு எழுதிவிட்டுப் போகலாம். கிளட்ச் தெரியாதவர் அரை டிரைவர் என்ற பேச்சுக்கும் இடமிருக்காது.

என் அண்ணன் மகள் 2024-ல் தேர்வெழுதினாள். வீட்டில் ஆட்டோமாட்டிக் நிற்க, டிரைவிங் பள்ளியின் கியர் காரில் ஒரு மாதம் பழகி 'எச்' எடுத்தாள். அதற்குப் பிறகு கிளட்சைத் தொட்டதில்லை.

சமீபத்தில் மனைவி ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து பாலராமபுரம் வரை போனோம். ஒவ்வொரு வளைவிலும் என் இடது கால் தரைவிரிப்பை மிதித்துக்கொண்டே வந்தது. "என்னங்க, அங்கே ஒண்ணும் இல்லியே" என்றாள்.